இருபத்திரண்டு விநாடி

சேலம்,
27.12.2023

தங்கை ரோஷன் பீவிக்கு அண்ணன் சைபுல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்தையும் கேட்டிருப்பேன். கேட்கிற நிலையில் நீ என்னை வைக்கவில்லை.

நேற்று லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜமாஅத் தலைவர் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "சைபுல்லா பாய், இது உங்க தங்கச்சி மகதானே?" என்று செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். உன் மகள் அஃபீபாவேதான். அவள் நர்ஸ் வேலை பார்க்கிற மிஷன் ஆஸ்பத்திரியின் கிறிஸ்துமஸ் மேடை. பின்னால் ஜிகினா நட்சத்திரம், வைக்கோல் குடில், ஆட்டுக்குட்டி பொம்மை. கையில் மைக் வேறு! "இயேசு உங்களுக்கு மட்டும் சொந்தமில்லைங்க. அவரை நம்பாம நான் என் மார்க்கத்துலயே இருக்க முடியாதுங்க" என்கிறாள். மேலே கொட்டை எழுத்தில் எவனோ போட்டிருக்கிறான், "இயேசுவை ஏற்றுக்கொண்ட முஸ்லிம் சகோதரி" என்று. இருபத்திரண்டு விநாடி பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க என் ஈமான் இடம் கொடுக்கவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கடைக்கு வந்து சேர்ந்தேன்.

ஜமாஅத் செயலாளரான என் வீட்டுக்கு வரப்போகும் மருமகள் லட்சணம் இது! என் மகன் இம்தியாஸுக்கும் அவளுக்கும் ஷவ்வால் மாதம் நிக்காஹ் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நாலு எழுத்துப் படித்த திமிரில் அவள் ஆடுகிறாள், நீ தாளம் போடுகிறாய்.

போன் பண்ணாதே. பேசினால் அதையும் எவனாவது பதிவு செய்து தெருத்தெருவாக அனுப்புவான். எதுவானாலும் காகிதத்தில் எழுது, அதற்குக் கையெழுத்து இருக்கும்.

அண்ணன்,
சைபுல்லா


குமாரபாளையம்,
4.1.2024

என் அண்ணனுக்கு ரோஷன் பீவியின் ஸலாம். உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? வெறுங்காலோடு நடந்ததாக எழுதியிருந்தீர்கள், பனிக்காலத்தில் அது ஆகாது. அண்ணிக்கும் ஸலாம் சொல்லுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் ஏழு மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சி கௌசியாவைப் படியேற விடாதீர்கள்.

அஃபீபா மேடையில் நின்றது உண்மை. "உங்க வேதத்துல இயேசுவைப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு சொல்லும்மா" என்று மேட்ரன் சிஸ்டர் கேட்டுக்கொண்டார்களாம், போய்ச் சொன்னாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் பேசியிருக்கிறாள். நீங்கள் பார்த்தது அதில் வெட்டிய துண்டு. லேப்பில் வேலை செய்யும் அன்பரசு முழுசாகப் படம் பிடித்திருந்தார். போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அதை ஒரு பென்டிரைவில் போட்டு இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் செருகினால் ஓடும். முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஜிகினா நட்சத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். போன மாதம் சேலம் வந்தபோது நம் கடை வாசலிலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே 'கிறிஸ்துமஸ் தள்ளுபடி' என்று பேனர். ஆஸ்பத்திரி நட்சத்திரத்தைவிட உங்களுடையது பெரிது அண்ணா, உள்ளே பல்பு வேறு எரிந்தது.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
ரோஷன்


சேலம்,
12.1.2024

ரோஷனுக்கு, ஸலாம். முழங்கால் இருக்கிறது. என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், உன் மகளின் மறுமையைப் பற்றிக் கவலைப்படு.

வியாபாரம் வேறு, மார்க்கம் வேறு. பாதிரிமார் அங்கிக்குத் துணி நம் கடையில்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நட்சத்திரம் கட்டினால் நான் காஃபிராகிவிட மாட்டேன். மைக் பிடித்தால்தான் ஆவேன். உன் பென்டிரைவை மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன். சனியனைச் செருகி என் கம்ப்யூட்டரை அசுத்தப்படுத்துவதாக இல்லை.

உன் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் நான் எழுதுகிறேன். அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டு. அவள் மேடையில் இயேசு என்றாளே, அந்த ஈசா அலைஹிஸ்ஸலாம் அல்லாஹ்வின் தூதர். மகன் அல்ல. அல்லாஹ்வுக்கு மகன் இல்லை, மனைவி இல்லை, அவனுக்கு அது தேவையும் இல்லை. தகப்பன் இல்லாமல் பிறந்தாரே என்றால், ஆதம் நபிக்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை, மண்ணிலிருந்து ஆக்கினான். அவரை யாரும் கடவுளின் மகன் என்று சொல்வதில்லை. ஈசா நபியைப் பெற்ற மர்யம் அம்மையார் பேரீச்ச மரத்தடியில் தனியாக வலி எடுத்துத் துடித்தார்கள். மரத்தை உலுக்கினால் பழம் விழும் என்று அல்லாஹ் ஆறுதல் சொன்னான். யாராவது கேட்டால், இன்று பேசுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன் எனச் சாடை காட்டச் சொன்னான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனபோது ஊர் அவர்களைக் காறித் துப்பியது. அவர்கள் வாய் திறக்கவில்லை, பிள்ளையைக் காட்டினார்கள். தொட்டில் பிள்ளை பேசிற்று: நான் அல்லாஹ்வின் அடிமை என்று. அடிமை! அந்த முதல் வார்த்தையே போதும். பிறகு அவரை யாரும் கொல்லவில்லை, சிலுவையிலும் அறையவில்லை. அல்லாஹ் உயர்த்திக்கொண்டான். கடைசி நாளுக்கு முன் இறங்கி வருவார். இதுதான் நம் நம்பிக்கை. இதை ஜிகினாவுக்கு முன்னால் அடகு வைத்தவளை என்னவென்று சொல்வது?

இத்துடன் ஒரு வாசகம் எழுதி அனுப்பியிருக்கிறேன். "ஈசா நபியை இறைவனின் மகன் என்று ஏற்றுப் பேசியது என் தவறு, மன்னிக்கவும்" என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல். ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்துவிடுகிறோம். கையெழுத்து வந்தால் நிக்காஹ். வராவிட்டால் இல்லை.

அப்புறம், அத்தா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த மர்யம் பூ உன்னிடம்தானே இருக்கிறது? அந்தக் காய்ந்த சுருளை வெந்நீரில் போட்டு, அது விரிந்ததும் தண்ணீரை வலி எடுத்தவளுக்குக் குடிக்கக் கொடுக்கிற வழக்கத்துக்கு மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது. நானே பயானில் கண்டித்துப் பேசியிருக்கிறேன். ஆனாலும் கௌசியாவுக்கு மார்ச் முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். உன் அண்ணி பூ இல்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டேன் என்கிறாள். அனுப்பிவை.

சைபுல்லா


குமாரபாளையம்,
25.1.2024

அண்ணனுக்கு ஸலாம். பனி இன்னும் விடவில்லை, ஃபஜ்ருக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொள்ளுங்கள். எனக்குச் சளி பிடித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

நீங்கள் சொன்னபடி அஃபீபாவை உட்காரவைத்து உங்கள் கடிதத்தை முழுசாக வாசித்தேன். தொட்டில் பிள்ளை பேசிய இடம் வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். ஏன்டி சிரிக்கிறாய் என்று கேட்டேன். "மாமா எழுத்து அழகா இருக்குதும்மா" என்றாள். நடு நடுவே தலையாட்டிக்கொண்டாள். ஒரு இடத்தில்கூட மறுக்கவில்லை.

வாசகத்தில் கையெழுத்துப் போடவில்லை. சொல்லாததைச் சொன்னேன் என்று எழுதிக்கொடுத்தால் அது பொய்ச் சாட்சி, அதற்கு என்ன தண்டனை என்று மாமாவுக்குத் தெரியும் என்கிறாள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை அல்லவா, தப்பாகவும் இருக்கலாம்.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். பூவையும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

டிராயரைத் திறந்தீர்களா?

ரோஷன்


சேலம்,
6.2.2024

ரோஷனுக்கு. சிரித்தாளா? நபியின் வரலாற்றை நான் பேனா தேய எழுதினால் அவளுக்குச் சிரிப்பு வருகிறதா? என் எழுத்து அழகாக இருக்கிறதாம்! எனக்குச் சான்றிதழ் கொடுக்க உன் மகள் எந்த மதரஸாவில் ஓதினாள்?

ஜமாஅத் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், இந்தச் சம்பந்தம் இல்லை என்று. தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மார்க்கத்துக்காகச் சொந்தத்தையே அறுத்தவர் என்று பாராட்டினார். இம்தியாஸுக்கு ஆத்தூரில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம். அடக்கமான பெண். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டாளாம். இம்தியாஸ் மறுப்பொன்றும் சொல்லவில்லை. பெற்றவன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிள்ளையை நான் வளர்த்திருக்கிறேன்.

வீட்டில்தான் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். ஆக வெட்கம் கொஞ்சமாவது வந்து வேலையை விட்டிருக்கிறாள். நல்லது. முன்பே விட்டிருந்தால் இவ்வளவு கேவலம் இல்லை.

டிராயர் டிராயர் என்று தொணதொணக்காதே. சாக்கடையை மூடி போட்டு வைத்திருக்கிறேன், திறந்து மோந்து பார்க்கச் சொல்கிறாய். பூவை மட்டும் மறக்காமல் அனுப்பு.

சைபுல்லா


குமாரபாளையம்,
14.2.2024

அண்ணனுக்கு ஸலாம். சளி குறைந்திருக்கிறது. ஆத்தூர்ப் பெண்ணுக்கு என் துஆ.

பூவைப் பார்சலில் அனுப்பினால் உதிர்ந்துவிடும். கௌசியா அஃபீபாவுக்குப் போன் செய்து, "நீயே எடுத்துட்டு வாடி, நீ கூட இருந்தா எனக்குப் பயமிருக்காது" என்று அழுதாளாம். அவளே கொண்டு வருவாள். உங்கள் வீட்டுக்கு வரமாட்டாள், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். நீங்கள் முகம் கொடுக்க வேண்டியதில்லை.

ரோஷன்


சேலம்,
9.3.2024

என் மாமிக்கு கௌசியாவின் ஸலாம். சுகப் பிரசவம், அல்ஹம்துலில்லாஹ். பெண் குழந்தை, மூணு கிலோ. உங்களுக்குச் சளி சரியாகிவிட்டதா?

அஃபீபா ஒரு பகல் முழுக்க என் இடுப்பைத் தேய்த்துவிட்டாள் மாமி. ஃபிளாஸ்க்கில் பூவைப் போட்டுக் கொண்டுவந்து, மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். "இதுல ஒண்ணுமில்லடி, வெறும் தண்ணிதான். குடிச்சுட்டு மூச்சை வுடு" என்றாள். நான் கத்தினபோதெல்லாம் மர்யம் அம்மையார் பேரீச்ச மரத்தடியில் பட்டதைச் சொன்னாள். "அவங்களே செத்துப் போயிருக்கலாம்னு அழுதாங்கடி, நீயும் அழு, தப்பில்ல" என்று சொன்னதும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

அத்தா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் வெந்நீருக்குப் போகும்போதும் வரும்போதும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அவள் ஒவ்வொரு தடவையும் நின்று ஸலாம் சொன்னாள். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எனக்கே அவமானமாக இருந்தது மாமி.

குழந்தைக்கு மர்யம் என்று பேர் வைத்திருக்கிறேன்.

கௌசியா


சேலம்,
20.3.2024

அன்புத் தங்கை ரோஷனுக்கு அண்ணன் சைபுல்லாவின் அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். ரமலான் முபாரக். நோன்பு எப்படிப் போகிறது? சளி முழுசாக விட்டதா? பேத்தி மர்யம் நன்றாகப் பால் குடிக்கிறாள்.

ஒரு விஷயம். ஈஸ்டருக்கு வெள்ளைத் துணி எடுக்கிற பழைய வாடிக்கையாளர் முந்தாநாள் கடைக்கு வந்தார். ஐம்பது மீட்டர் அளந்து கிழித்து வைத்தாயிற்று. கையில் வாங்காமல் நின்றவர், "ஏனுங்க பாய், உங்க தங்கச்சி மக எங்க மேடையிலயே நின்னுக்கிட்டு இயேசு சிலுவையில சாகவே இல்லைன்னு சொல்லிருக்குதாமுங்க. கமிட்டில பேசி, கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். துணியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இம்தியாஸ் ஒன்றும் பேசாமல் டிராயரைத் திறந்து அந்த பென்டிரைவை எடுத்துச் செருகினான். பன்னிரண்டு நிமிஷமும் பார்த்தேன் ரோஷன். அல்லாஹு அக்பர்! என்ன தெளிவு! ஈசா நபியை நம்பாதவன் முஸ்லிமே இல்லை என்று தொடங்குகிறாள். அந்த இடத்தில்தான் எவனோ வெட்டியிருக்கிறான், கயவன். அடுத்த வாக்கியமே "ஆனா அவரு கடவுளோட மகன் இல்லைங்க, அடிமைங்க, தூதருங்க. அதை அவரே தொட்டில்ல சொன்னாருங்க" என்று வருகிறது. ஆதம் நபியைச் சொல்கிறாள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, சிலுவையில் மரித்ததையாவது ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறார். தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "மன்னிச்சுக்குங்க ஐயா. கேட்டதால சொல்றேன். எங்க நம்பிக்கைல அவரை யாரும் கொல்லலைங்க, அல்லாஹ் உயர்த்திக்கிட்டான்" என்கிறாள். குரல்கூட நடுங்கவில்லை. நான் எழுதிய மூன்று பக்கமும் அதில் இருக்கிறது. என் ரத்தம் அல்லவா!

இதையெல்லாம் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? வேலை போனதை மறைத்தாயே, உனக்கு நெஞ்சா கல்லா? போகட்டும், நடந்தது நடந்துவிட்டது. நான் பேசியதெல்லாம் மார்க்கப் பற்றில் பேசியது, அதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜமாஅத்தில் முழுப் படத்தையும் போட்டுக் காட்டிவிட்டேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் பயானுக்கு அவளைப் பேசக் கூப்பிடச் சொல்கிறார்.

ஆத்தூரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஷவ்வால் இருபதில் நிக்காஹ். அவள் இனி எங்கும் வேலைக்குப் போக வேண்டியதில்லை, என் மருமகளுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறேன், உன் பக்கத்துப் பெயர்களை எழுதி அனுப்பு.

உன் அன்பு அண்ணன்,
சைபுல்லா


சேலம்,
13.4.2024

தங்கைக்கு ஸலாம். பெருநாளைக்குக்கூட உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. நான்தான் போன் வேண்டாம் என்றேன், இப்போது நானே சொல்கிறேன், எடு. மூன்று வாரமாக அச்சகத்துக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊருக்குச் சொல்லிவிட்டேன். என் மானம் உன் கையில் இருக்கிறது.

சைபுல்லா


ஜலகண்டாபுரம்,
21.4.2024

மாமாவுக்கு அஃபீபாவின் அஸ்ஸலாமு அலைக்கும். இதற்காவது பதில் சொல்வீர்கள் என்று நம்புகிறேன். மாமி, கௌசியா, குட்டி மர்யம் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அம்மா சுகம். நான் இங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன். தறிக்காரர் வீட்டுப் பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அம்மா பதில் எழுத உட்கார்ந்தார்கள், நான்தான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

வேலை போனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பீர்கள், படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மர்யம் அம்மையார் ஊருக்குப் பதில் சொல்லவில்லை, பிள்ளையைக் காட்டினார்கள். அம்மாவும் உங்களிடம் வாதாடவில்லை, பென்டிரைவைக் காட்டினார்கள். நம் ஷரீஅத்தில் மௌன நோன்பு கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான் மாமா, இதோ பேசிவிடுகிறேன்.

மேட்ரன் சிஸ்டர் பன்னிரண்டு நிமிஷமும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். பெரியவருக்கு நான் சொன்ன பதிலில் அவர்கள் முகம் சுண்டிப்போனது. மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ பொய் சொல்லலை, நாந்தான் உன்னைப் பேசச் சொன்னேன். ஆனா கமிட்டி உன்னை வெச்சுக்க ஒத்துக்கலை, எனக்கும் மனசு வலிக்குது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்களுடைய நம்பிக்கை வேறு, என்னுடையது வேறு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர்களும் அவர்கள்தான். நீங்கள் எனக்கு இருபத்திரண்டு விநாடி கொடுத்தீர்கள். மிச்சத்தையும் எனக்காகப் பார்க்கவில்லை, ஒரு வாடிக்கையாளர் துணியை விட்டுவிட்டுப் போனதால் பார்த்தீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் போனில் அனுப்பிய முழுப் படத்தையும் இம்தியாஸ் மச்சான் டிசம்பரிலேயே பார்த்துவிட்டார். "நீ சொன்னது எல்லாமே கரெக்ட்தான், ஆனா அத்தாகிட்ட நான் எப்படிப் பேசறது" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் அந்த டிராயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பில் போட்டார். கூட்டத்தில் நீங்கள் என்னை அறுத்தெறிந்தபோதும் கூடவே இருந்தார். தொட்டில் பிள்ளை தாய்க்காகப் பேசியதை அவ்வளவு உருக்கமாக எனக்கு எழுதினீர்கள். உங்கள் வீட்டில் இருபத்தெட்டு வயதுப் பிள்ளை வாய் திறக்கவில்லை மாமா. அதை நினைத்துத்தான் அன்றைக்குச் சிரித்தேன்.

அதனால் பத்திரிகை அடிக்கக் கொடுக்காதீர்கள். நிக்காஹ்வுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், எனக்குச் சம்மதமில்லை. பெண்கள் பயானுக்கும் வரவில்லை.

மர்யம் பூவை நன்றாகக் காயவைத்து, பஞ்சில் சுற்றி, டப்பாவில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இம்தியாஸ் மச்சானுக்கு வாய்க்கிற பெண்ணுக்கு ஒரு நாள் தேவைப்படும். வெந்நீரில் போட்டால் விரிய அரை மணி நேரம் ஆகும், பொறுமையாக இருங்கள். அந்தப் பெண் எப்போதாவது வாயைத் திறந்து ஏதாவது சொன்னால், அவள் முடிக்கிற வரைக்கும் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.

அஃபீபா